துணிச் சாயத்தை மருந்தாக்கிய மேதை பால் எர்லிக்

உடம்பு சரியில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். பிறகு ஒரு சீட்டு வருகிறது. அதில் ஈஸ்னோபில் இத்தனை சதவீதம் என்று ஒரு வரி இருக்கும். அது கூடிப்போனால் ஈஸ்னோபீலியா என்கிறார்கள். இருமல் நிற்காமல் இருந்தால் சளியைக் கொடுத்துச் சோதிக்கச் சொல்கிறார்கள். காசநோய்க் கிருமி உண்டா, இல்லையா என்று பதில் வருகிறது.

இந்த இரண்டுக்கும் மூலம் சாயம். துணிக்குப் போடுகிற அதே இனத்துச் சாயம்தான். ரத்தத்துக்கும் சளிக்கும் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் வித்தையைச் சீர்படுத்தியவர் ஒரு ஜெர்மன் டாக்டர். அவர் அதோடு நிற்கவில்லை. உயிரோடு இருக்கும் உடம்புக்குள்ளேயே சாயத்தைச் செலுத்திப் பார்த்தார். அங்கே கண்ட காட்சியிலிருந்து நோய்க்கு மருந்து தேடும் புதிய வழியை உலகுக்குக் காட்டினார்.

அவர் பெயர் பால் எர்லிக்.

பரீட்சைக்குப் பயந்த மாணவர்

1854ஆம் ஆண்டு மார்ச் 14ந் தேதி, சைலீசியா மாகாணத்தில் ஸ்ட்ரேலன் என்னும் சிற்றூரில் எர்லிக் பிறந்தார். அப்போது அது பிரஷ்ய நாட்டைச் சேர்ந்தது. இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது. யூதக் குடும்பம். தந்தை சத்திரம் நடத்தியதோடு மதுபானம் வடிக்கும் தொழிலும் செய்தார்.

பக்கத்துப் பெரிய நகரமான பிரெஸ்லாவில் பள்ளிப் படிப்பு. கணக்கும் லத்தீனும் நன்றாக வந்தன. பரீட்சை என்றால் மட்டும் நடுக்கம். கட்டுரை எழுதுவது அதைவிடக் கஷ்டம். ஒரு பரீட்சையில் வாழ்க்கை ஒரு கனவு என்பது பற்றி எழுதச் சொன்னார்களாம். மற்ற மாணவர்கள் தத்துவம் எழுதினார்கள். உயிர் வாழ்வது என்பது பிராணவாயுவோடு பொருள்கள் சேரும் ரசாயன வேலை என்றும், கனவு என்பது மூளையில் நடக்கும் ஒருவித எரிதல் என்றும் எர்லிக் எழுதினாராம். மார்க் மிகக் குறைவு என்று சொல்லவேண்டியதில்லை.

அவருடைய தாயின் உறவினர் கார்ல் வைகெர்ட். எர்லிக்கைவிட 9 வயது மூத்தவர், டாக்டர். கிருமிகளுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்த முதல் சிலரில் ஒருவர். அவருடைய மைக்ராஸ்கோப்பில் வண்ண வண்ணமாகத் தெரிந்த காட்சிகள் பையனின் மனதைப் பிடித்துக்கொண்டன. அந்தப் பித்து கடைசி வரை தெளியவில்லை.

சாயம் பிறந்த கதை

அந்தக் காலம் சாயத்தின் பொற்காலம். 1856இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது மாணவர், மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினா மருந்தைச் செயற்கையாகச் செய்ய முயன்றார். நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த பொருளை வைத்து ஆராய்ந்தார். கொயினா கிடைக்கவில்லை. பாத்திரத்தில் அழகான ஊதாச் சாயம் கிடைத்தது! அவர் அதைப் பட்டுத் துணிக்குப் போட்டு விற்கத் தொடங்கினார். அதைப் பார்த்து ஜெர்மனியில் சாய ஆலைகள் வரிசையாக எழுந்தன. 1876இல் மெதிலீன் நீலம் என்ற சாயம் வந்தது. இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எர்லிக் மருத்துவம் படிக்கப் போனார். பிரெஸ்லா, ஸ்ட்ராஸ்பர்க், பிரைபர்க், லைப்சிக் என்று ஊர் ஊராக மாறிப் படித்தார். ஸ்ட்ராஸ்பர்க்கில் அவருடைய மேஜை முழுவதும் வானவில் போலச் சாயக் கறை. பேராசிரியர் வால்டையர் அதைப் பார்த்தார். கோபிக்கவில்லை. பையனை அவன் போக்கில் விட்டுவிட்டார்.

பிரெஸ்லாவுக்கு வந்த ராபர்ட் காக் என்ற டாக்டருக்கு இந்த மாணவரைத் தூரத்திலிருந்து காட்டினார்களாம். சாயம் போடுவதில் கெட்டிக்காரர். ஆனால் பரீட்சை தேறமாட்டார் என்று அறிமுகம் செய்தார்களாம். எர்லிக் தேறினார். 1878இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பட்டத்துக்கு அவர் எழுதிய ஆராய்ச்சியும் சாயம் போடுவதைப் பற்றியதுதான்!

ஒட்டும் சாயம், ஒட்டாத சாயம்

சாயப் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கம்பளியில் நன்றாகப் பிடிக்கும் சாயம் பருத்தியில் தானாகப் பிடிக்காது. ஒவ்வொரு நூலுக்கும் ஒவ்வொரு சாயத்தோடு உறவு.

உடம்பிலும் அப்படித்தான் என்று எர்லிக் கண்டார். ஒரே ரத்தத் துளியில் சாயத்தை விட்டால் ஒருவகை வெள்ளை அணு சிவப்பாகிறது. இன்னொரு வகை நீலமாகிறது. மற்றொன்று சாயத்தைத் தொடுவதே இல்லை. சாயமும் அணுவும் ரசாயன முறையில் ஒன்றையொன்று தேடிப் பிடிக்கின்றன என்று அவர் முடிவு செய்தார்.

அதற்குமுன் வெள்ளை அணுக்களைப் பிரித்து அறிய நல்ல வழி இல்லை. எர்லிக் பெர்லினில் சாரிட்டே என்ற பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது, சாயத்தைக் கொண்டு அவற்றை இனம் இனமாகப் பிரித்தார். ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தை விரும்பிப் பிடித்துக்கொண்ட அணுவுக்கு 1879இல் ஈயோசினோபில் என்று பெயர் வைத்தார். நம் ரத்தச் சோதனைச் சீட்டில் ஈஸ்னோபில் என்று வருவது அதுதான். சாயத்தின் பெயர் அணுவுக்கு வந்து, அணுவின் பெயர் நோய்க்கு வந்துவிட்டது.

அடுப்பு செய்த உதவி

1882ஆம் ஆண்டு மார்ச் 24ந் தேதி மாலை, பெர்லினில் ஒரு விஞ்ஞானிகள் கூட்டம். காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக ராபர்ட் காக் அங்கே அறிவித்தார். அக்காலத்தில் ஐரோப்பாவில் ஏழை, பணக்காரர் என்று பாராமல் உயிர் குடித்த நோய் அது. கூட்டத்தில் எர்லிக்கும் இருந்தார். தம் வாழ்நாளிலேயே மிகப் பெரிய அனுபவம் அந்த மாலைதான் என்று பிற்காலத்தில் அவர் சொல்வதுண்டு.

காக் கையாண்ட சாய முறை நெடுநேரம் பிடித்தது. கிருமியும் தெளிவாகத் தெரியவில்லை. எர்லிக் அன்று இரவே வேலையைத் தொடங்கினார். சாயம் ஏற்றிய கண்ணாடித் துண்டுகளை உலர்வதற்காக அணைந்திருந்த அடுப்பின்மேல் வைத்துவிட்டுப் போனார் என்றும், காலையில் வேலைக்காரப் பெண் தெரியாமல் அடுப்பை மூட்டிவிட்டாள் என்றும் ஒரு கதை உண்டு. சூடு பட்டதில் சாயம் கிருமிக்குள் நன்றாக இறங்கியிருந்ததாம்.

காசநோய்க் கிருமியின் மேல் மெழுகு போன்ற ஒரு போர்வை உண்டு. சாயம் எளிதில் உள்ளே போகாது. போய்விட்டால் எளிதில் வெளியே வராது. அமிலம் விட்டுக் கழுவினால் மற்றக் கிருமிகள் நிறம் இழந்துவிடும். காசநோய்க் கிருமி மட்டும் நிறத்தை விடாது. இந்தக் குணத்தைக் கண்டு சொன்னவர் எர்லிக். சீல், நீல்சன் என்ற இருவர் பிறகு அந்த முறையைத் திருத்தினார்கள். இன்றும் சளிச் சோதனையில் நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாகக் கிருமி தெரிவது இந்த வழியால்தான். அந்த நீலப் பின்னணி மெதிலீன் நீலம்.

உயிருள்ள உடம்பில் சாயம்

இதுவரை சொன்னதெல்லாம் செத்த அணுக்களைப் பற்றியது. வழக்கமான முறையில் உடம்பிலிருந்து ஒரு துண்டு எடுத்து, சாராயத்திலோ சூட்டிலோ பதப்படுத்தி, பிறகு சாயம் போடுவார்கள். உருவம் தெரியும். ஆனால் உயிர் போன பிறகு தெரிகிற உருவம் அது. ஆட்கள் காலி செய்துவிட்டுப் போன வீட்டைப் பார்ப்பது போல. யார் எங்கே உட்கார்ந்தார்கள், என்ன செய்தார்கள் என்று அதில் எப்படித் தெரியும்?

எர்லிக் உயிருள்ள பிராணியின் ரத்தத்தில் சாயத்தைச் செலுத்தினார். பிராணவாயு குறைந்த இடத்தில் நிறத்தை இழக்கும் சில நீலச் சாயங்கள் உண்டு. அவற்றைக் கொண்டு, எந்த உறுப்பு பிராணவாயுவை எவ்வளவு வேகமாகச் செலவழிக்கிறது என்று பார்த்தார். உள்ளே நடப்பதை நிறமே சொல்லிவிட்டது. இதை 1885இல் ஒரு நூலாக வெளியிட்டார்.

அடுத்த ஆண்டு மெதிலீன் நீலம். அதைச் செலுத்தியபோது ஓர் அதிசயம் நடந்தது. தசையும் தோலும் கிடக்க, உயிருள்ள நரம்பு இழைகள் மட்டும் நீலநிறத்தில் எழுந்து நின்றன. மயிரிழையைவிட மெல்லிய நரம்பு முனைகள்கூட வரைபடத்தில் ஆறு ஓடுவது போலத் தெரிந்தன. அந்தச் சாயம் மற்றவற்றை விட்டுவிட்டு நரம்பைத் தேடிப் போயிருந்தது. உயிரும் போகவில்லை.

எர்லிக் மனதில் ஒரு கேள்வி எழுந்தது. ஒரு சாயம் உடம்பில் இத்தனை அணுக்கள் இருக்க ஒன்றை மட்டும் தேடிப் பிடிக்கிறது என்றால், நோய்க் கிருமியை மட்டும் தேடிப் பிடிக்கும் ஒரு பொருளும் இருக்கவேண்டும் அல்லவா? அந்தப் பொருள் கிருமிக்கு நஞ்சாகவும் இருந்துவிட்டால், நோயாளிக்குத் துன்பம் இல்லாமல் கிருமியை மட்டும் கொல்லலாமே! குறி தவறாத மந்திரக் குண்டு என்று பிற்காலத்தில் அவர் பெயரோடு சேர்ந்துவிட்ட கருத்து இதுதான்.

அவருடைய சோதனைகளில் ஒரு புதிரும் இருந்தது. சில சாயங்கள் உடம்பு முழுவதும் ஏறின. மூளையில் மட்டும் ஏறவில்லை. மூளைக்கு அந்தச் சாயத்தோடு ஒட்டுதல் இல்லை என்று எர்லிக் நினைத்தார். அவரிடம் பயின்ற எட்வின் கோல்ட்மன், 1913இல் மூளையைச் சூழ்ந்த நீரிலேயே சாயத்தை விட்டார். மூளை நிறம் பிடித்தது. அப்படியானால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது! இன்று மூளை நோய்க்கு மருந்து செய்கிறவர்கள் எல்லாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் தடுப்பு அதுவே.

தம் சளியிலேயே கிருமி

எர்லிக் 1883இல் ஹெட்விக் பிங்குஸ் என்ற பெண்ணை மணந்தார். மணப்பெண்ணுக்கு வயது 19. பெண்ணின் தந்தை துணி ஆலை முதலாளி. இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தனர்.

1885இல் ஆஸ்பத்திரித் தலைவர் பிரெரிக்ஸ் காலமானார். எர்லிக்கை ஆராய்ச்சி செய்ய விட்டவர் அவர். புதிதாக வந்தவர் நோயாளிகளைக் கவனிக்கும் வேலையை எர்லிக் மேல் சுமத்தினார். ஆராய்ச்சிக்கு நேரம் இல்லை. மனம் ஒடிந்தது. உடம்பும் மெலிந்தது. இருமல் விடவில்லை.

1888இல் அவர் தம் சளியையே எடுத்துச் சாயம் ஏற்றிப் பார்த்தார். கிருமி இருந்தது. ஊராருக்காகக் கண்டுபிடித்த சோதனை தமக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அப்போது அவருக்கு வயது 34. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம். வீட்டில் சின்னக் குழந்தைகள்.

வெயிலும் உலர்ந்த காற்றும்தான் அன்று வைத்தியம். வேலையை விட்டுவிட்டு மனைவியோடு எகிப்துக்குப் போனார். 1889இல் உடம்பு தேறித் திரும்பினார். தொடக்கத்திலேயே கண்டுகொண்டதால் தப்பினார் என்று சொல்லலாம். ஆனால் திரும்பி வந்தபோது உத்தியோகம் இல்லை. மாமனார் உதவியோடு பெர்லினில் சொந்தமாகச் சிறிய ஆராய்ச்சிக்கூடம் வைத்துக்கொண்டார். பிறகு ராபர்ட் காக் தம் கழகத்துக்கு அழைத்தார். அங்கும் சம்பளம் கிடையாது.

கொயினா தேடியவருக்குக் கிடைத்த சாயம்

மலேரியாக் கிருமிக்கு மெதிலீன் நீலம் நன்றாக ஒட்டும் என்பது அப்போது தெரிந்திருந்தது. ஒட்டினால் கொல்லவும் கூடும் என்று எர்லிக் எண்ணினார். 1891இல் பெர்லின் மொவாபிட் ஆஸ்பத்திரியில் டாக்டர் பால் குட்மனோடு சேர்ந்து, மலேரியாவால் படுத்திருந்த இரண்டு நோயாளிகளுக்கு மெதிலீன் நீலத்தை மருந்தாகக் கொடுத்தார். சிறுநீர் நீலமாகப் போயிற்று. காய்ச்சல் விட்டது. இருவரும் குணமடைந்தார்கள்.

ஆலையில் செயற்கையாகச் செய்த ஒரு பொருள், மனிதனைப் பிடித்த கிருமிக்கு எதிராக வேலை செய்தது அதுவே முதல் தடவை என்று சரித்திர ஆசிரியர்கள் சொல்கிறார்கள். 1856இல் மலேரியா மருந்தைத் தேடிய பெர்கினுக்குச் சாயம் கிடைத்தது. 35 ஆண்டுகள் கழித்து, சாயத்தைத் தேடிய எர்லிக்குக்கு மலேரியா மருந்து கிடைத்தது!

கொயினாவை விடச் சிறந்தது என்று சொல்லமுடியவில்லை. அதனால் அந்த மருந்து பரவவில்லை. வழி மட்டும் திறந்துவிட்டது.

606 என்னும் எண்

அடுத்த சில ஆண்டுகள் தொண்டை அடைப்பான் நோய்க்கான ஊசி மருந்தின் வீரியத்தை அளந்து நிலைப்படுத்தும் வேலை. குழந்தைகளைக் கொன்ற நோய் அது. அளவு சரியில்லாத மருந்து பயன்படாது. எர்லிக் வகுத்த அளவு முறை உலகெங்கும் ஏற்கப்பட்டது. 1899இல் பிராங்பர்ட் நகரில் புதிய ஆராய்ச்சிக்கழகத்தின் தலைவரானார். உடம்பு நோயை எதிர்க்கும் விதத்தை ஆராய்ந்ததற்காக 1908இல் மெச்னிக்காப் என்ற ரஷ்ய விஞ்ஞானியோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பிராங்பர்ட்டில் அவரைப் பார்த்தவர்கள் சுருட்டுப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிய மனிதராகவே நினைவில் வைத்திருந்தார்கள். நாளுக்கு 25 சுருட்டு குடிப்பார். சோறு தண்ணீர் மறந்து போகும். துப்பறியும் நாவல் என்றால் உயிர். உதவியாளர்கள் ஒவ்வொருவருக்கும் அன்றைய வேலையை வண்ணச் சீட்டில் எழுதி அனுப்புவார்.

1904இல் ஜப்பானியரான கியோஷி ஷிகாவோடு சேர்ந்து டிரைபன் சிவப்பு என்ற சாயத்தால் எலிகளின் ரத்தத்தில் இருந்த ஒட்டுண்ணியைக் கொன்றார். மனிதருக்கு அது பலிக்கவில்லை. பிறகு பாஷாணச் சரக்கான ஆர்செனிக் பக்கம் திரும்பினார். அட்டாக்சில் என்ற ஆர்செனிக் மருந்து கிருமியைக் கொன்றது. ஆனால் சிலருக்குக் கண்ணையும் பறித்தது. அதன் ரசாயன அமைப்பை மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கான பொருள்களைச் செய்தார்கள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டார்கள். 606ஆம் எண் 1907இலேயே தயாராகி, பயன் இல்லை என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது.

1909இல் ஜப்பானிலிருந்து சஹாச்சிரோ ஹாட்டா வந்தார். பொறுமைக்கு மறுபெயர் அவர். ஒதுக்கியவற்றையும் மறுபடி சோதிக்கச் சொன்னார் எர்லிக். மேகநோய் ஏற்றப்பட்ட முயலுக்கு 606ஐ ஒரே ஊசி போட்டார் ஹாட்டா. மறுநாள் புண்ணில் உயிருள்ள கிருமி காணப்படவில்லை. தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களைக் கெடுத்த நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது. 1910இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. விற்பனைக்கு விடுமுன் சுமார் 65 ஆயிரம் ஊசி மருந்துகளை டாக்டர்களுக்கு இலவசமாக அனுப்பிச் சோதிக்கச் செய்தார் எர்லிக். சால்வர்சான் என்பது அதன் பெயர்.

ஏச்சும் பேச்சும்

புகழோடு பழியும் வந்தது. மருந்தை அப்போதைக்கு அப்போது கரைத்து, கவனமாகப் போடவேண்டும். தவறினால் ஆபத்து. சில இடங்களில் நோயாளிகள் இறந்தார்கள். பத்திரிகைகள் சில வசைபாடின. யூதர் என்பதும் சிலர் கண்ணை உறுத்தியது. 1914இல் கோர்ட்டு வரை போயிற்று. அவதூறு எழுதியவருக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் எர்லிக் மனம் புண்பட்டுவிட்டது. முதல் உலகப் போரும் மூண்டது. உழைப்பும் சுருட்டும் உடம்பைத் தின்றிருந்தன.

1915ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ந் தேதி பாட் ஹோம்பர்க் என்ற ஊரில் மாரடைப்பால் காலமானார். வயது 61. பிராங்பர்ட் யூதர் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

பெயரை அழித்தார்கள், வேலையை அழிக்க முடியவில்லை

ஹிட்லர் ஆட்சியில், பிராங்பர்ட்டில் எர்லிக் பெயர் தாங்கிய தெருவின் பலகையைக் கழற்றினார்கள். வயதான மனைவி ஹெட்விக் நாட்டைவிட்டு வெளியேறி, கடைசியில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். 1948இல் காலமானார்.

அதே காலத்தில் அதே ஜெர்மனியில், எர்லிக் காட்டிய வழியில் போன கெர்ஹார்ட் டோமாக், பிராண்டோசில் என்ற சிவப்புச் சாயப்பொருள் கிருமிகளை ஒடுக்குவதைக் கண்டார். சல்பா மருந்துகள் அதிலிருந்து பிறந்தன. போர் முடிந்தபின் எர்லிக் பெயர் மீண்டும் வந்தது. 1990 முதல் 2001 வரை ஜெர்மனியின் 200 மார்க் நோட்டில் இருந்தது அவருடைய முகந்தான். ஜெர்மன் அரசின் தடுப்பு மருந்துச் சோதனைக் கழகத்துக்கும் அவர் பெயர்.

மெதிலீன் நீலமும் ஓய்வு பெறவில்லை. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழக்கும் ஒருவகை நச்சுநிலைக்கு இன்றும் அதுவே மாற்று மருந்து. ஆராய்ச்சிக்கூடங்களில் டிரைபன் நீலம் என்ற சாயத்தைக் கொண்டு அணுக்களின் உயிரைச் சோதிக்கிறார்கள். உயிருள்ள அணு அந்தச் சாயத்தை வெளியே நிறுத்திவிடும். செத்த அணு நீலமாகிவிடும்.

நம் நாட்டுக்கும் இதில் தொடர்பு உண்டு. 1956இல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். நோயாளியை மலைவாச ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுக்க வைக்கவேண்டியதில்லை, வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிட்டே குணமாகலாம் என்று அங்கே நிரூபித்தார்கள். ஏழை நாடுகளுக்கெல்லாம் அது வழிகாட்டியது. கிருமி போயிற்றா, இல்லையா என்று சளியில் பார்த்துத்தான் அதை முடிவு செய்தார்கள்.

இப்போது கிருமியின் மரபுப் பொருளையே கண்டுபிடிக்கும் கருவிகள் வந்துவிட்டன. சாயச் சோதனையும் தொடர்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளில் சளிச் சோதனைக்கும் காசநோய் மருந்துக்கும் காசு இல்லை. ஊரைவிட்டு வந்து ஒரே அறையில் பத்துப் பேர் தங்கும் நம்மவர்களில், வேலை போய்விடும் என்று பயந்து இருமலை மறைப்பவர்கள் உண்டு. இரண்டு வாரம் தாண்டியும் இருமல் நிற்காவிட்டால் சளியைக் கொடுத்துவிட வேண்டும். மருந்தே இல்லாத காலத்தில்கூட எர்லிக் தம் சளியைத் தாமே சோதித்துப் பார்த்தார். நமக்கோ மருந்து இருக்கிறது.